சிப் வடிவமைப்பு நேர்காணல்: கேட்பதும் கேட்க வேண்டியதும்

திருவனந்தபுரம் பழவங்காடியில் கணபதிக்குத் தேங்காய் உடைப்பதுதான் பெரிய வழிபாடு. தேர்வு, பயணம், புது வேலை என எதைத் தொடங்கினாலும் இந்த ஊர்க்காரர்கள் முதலில் அங்கே ஒரு தேங்காயை உடைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். ராணுவத்தின் பராமரிப்பில் இருக்கும் அந்தக் கோயிலுக்குத் தமிழர்களும் நிறைய வருகிறார்கள். அங்குள்ள கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களிலும் சாலைக் கடைத்தெருவிலும் தமிழ் புழங்கி வருவது நெடுங்கால வழக்கம். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும், நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலை தேடிப் போகிற முதல் நகரமாகத் திருவனந்தபுரமே பல காலம் இருந்தது.

இன்று அந்தப் பிள்ளைகளில் கணிசமானோர் எலக்ட்ரானிக்ஸ் பட்டதாரிகள். அவர்கள் நாடும் வேலைகளில் டிஜிட்டல் சிப் வடிவமைப்புக்குத் தனி மதிப்பு இருக்கிறது. அந்த வேலையின் வாசலில் நடக்கும் நேர்காணலில் என்ன கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள், அந்த முறை நியாயமானதா, யார் எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதை முழுமையாகப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஊரும் சிப்பும்

சிப் என்றதும் பெங்களூருவே நினைவுக்கு வரும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-இல் அங்கே வடிவமைப்பு மையம் திறந்ததிலிருந்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் இந்தியாவில் உருவான பிராசசர்களின் வரலாற்றை எழுதினால் திருவனந்தபுரத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. கேரள அரசின் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமான கெல்ட்ரான் 1973-இல் இங்கேதான் தொடங்கியது. நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க், நகர மையத்திலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில் கழக்கூட்டத்தை ஒட்டி 1990-இல் அமைந்தது.

தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் 'விக்ரம் 1601' என்ற 16 பிட் பிராசசர், 2009 முதல் இஸ்ரோ ராக்கெட்டுகளின் கணினிகளில் பணியாற்றி வருகிறது. அதன் அடுத்த தலைமுறை 32 பிட் 'விக்ரம் 3201'. சண்டிகர் அருகே மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் அதைத் தயாரித்தார்கள். 2024 டிசம்பர் 30 அன்று கிளம்பிய பிஎஸ்எல்வி சி60 பயணத்தில் அது விண்வெளியில் சோதிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் முதல் உற்பத்தித் தொகுதியைப் பெற்றுக்கொண்ட இஸ்ரோ தலைவர் வி. நாராயணன், நாகர்கோவில் பக்கம் மேலக்காட்டுவிளையில் பிறந்தவர்.

வட்டியூர்க்காவில் உள்ள இஸ்ரோவின் இனர்ஷியல் சிஸ்டம்ஸ் பிரிவும் சென்னை ஐஐடியும் சேர்ந்து உருவாக்கிய 'ஐரிஸ்' சிப் 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழு வளர்த்த 'சக்தி' பிராசசர்தான் அதன் அடிப்படை. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் திருவனந்தபுரம் மையத்தில் 'வேகா' என்ற பெயரில் ஒரு பிராசசர் வரிசையே உருவாகியிருக்கிறது. சக்தியும் வேகாவும் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றுபவை. தனியார் துறையில் நெட்ராசெமி என்ற உள்ளூர் ஸ்டார்ட்-அப் கேமராக்களுக்கான செயற்கை நுண்ணறிவு சிப் செய்கிறது. அதில் தமிழகத்து ஸோஹோவும் முதலீடு செய்திருக்கிறது.

ஆக, பழவங்காடியில் தேங்காய் உடைத்துவிட்டு பஸ் ஏறுகிற தூரத்திலேயே சிப் வடிவமைப்பு வேலை இருக்கிறது. வேலைக்கும் பட்டதாரிக்கும் நடுவே நிற்பது நேர்காணல்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

மென்பொருள் வேலைக்கான நேர்காணலைப் பார்த்தவர்களுக்கு சிப் நேர்காணலின் கடுமை வியப்பாக இருக்கும். ஐந்து வருட அனுபவக்காரரிடமும் கல்லூரி முதலாம் ஆண்டு லாஜிக் கேட் கணக்கைக் கேட்பார்கள். காரணம் எளிது. மென்பொருளில் தவறு இருந்தால் அடுத்த வாரம் ஒரு திருத்தத்தை அனுப்பிவிடலாம். சிப் ஆலைக்குப் போய்விட்டால் திரும்பி வர மாதங்கள் ஆகும். தவறு தெரிந்தால், சிப்பின் வடிவத்தைச் சிலிக்கானில் பதிக்க உதவும் மாஸ்க் தயாரிப்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். நவீன தொழில்நுட்பத்தில் அந்த மாஸ்க்குக்கு மட்டுமே பல கோடி ரூபாய் போகும். 1994-இல் இன்டெல்லின் பென்டியம் பிராசசரில் வகுத்தல் பிழை வெளிவந்தபோது, அந்த நிறுவனம் அதற்காக 47.5 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. ஓர் அட்டவணையில் சில எண்கள் விடுபட்டுப் போனதால் வந்த வினை அது.

அதனால்தான் இந்தத் துறையில் வடிவமைப்பவர்களைவிடச் சரிபார்ப்பவர்களுக்குத் தேவை அதிகம். ஒரு சிப் திட்டத்தின் உழைப்பில் பாதிக்கு மேல் வெரிஃபிகேஷனுக்கே போகிறது. புதுப் பட்டதாரிகளில் பெரும்பாலோர் நுழைவதும் அந்த வழியாகத்தான். அதைத் தவிர, சர்க்யூட்டின் நடத்தையை வெரிலாக் என்ற வன்பொருள் விவரிப்பு மொழியில் எழுதும் ஆர்டிஎல் வடிவமைப்பு, எழுதியதைச் சிலிக்கான் பரப்பில் இடம் பிரித்து வயர் இணைக்கும் ஃபிசிகல் டிசைன், ஆலையிலிருந்து வரும் ஒவ்வொரு சிப்பும் பழுதில்லாமல் இருக்கிறதா என்று சோதிக்க உள்ளேயே வழி வைக்கும் டிஎஃப்டி என்று மூன்று வாசல்கள் உண்டு. நான்குக்கும் நேர்காணல் வேறுபடும். அடிப்படை மட்டும் ஒன்றே.

சுற்றுகள்

தனியார் நிறுவனங்களில் முதலில் எழுத்துத் தேர்வு. திறனறி வினாக்களோடு டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ், கொஞ்சம் சி நிரல், கொஞ்சம் கணினிக் கட்டமைப்பு இருக்கும். அடுத்து இரண்டு மூன்று தொழில்நுட்பச் சுற்றுகள். கடைசியாக மனிதவளப் பிரிவின் சுற்று. கல்லூரி வளாகத்தில் நடந்தால் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும்.

அரசு நிறுவனங்களின் பாதை வேறு. இஸ்ரோவில் சயின்டிஸ்ட்-இன்ஜினியர் வேலைக்கு விண்ணப்பிக்கவே 65 விழுக்காடு மதிப்பெண்ணோ அதற்கு இணையான 6.84 புள்ளியோ தேவை. எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் நேர்காணலுக்குப் போவார்கள். அங்கே பலர் சேர்ந்த குழு உட்கார்ந்திருக்கும், கேள்விகள் உங்கள் பாடங்களின் வேர் வரை போகும். சி-டாக் தன் திட்டங்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் புராஜெக்ட் இன்ஜினியர்களை எடுக்கிறது. ஒப்பந்த வேலை என்று பலர் தயங்குகிறார்கள். ஆனால் ஒரு பிராசசரின் உள்ளே கைவைத்துப் பார்க்கும் வாய்ப்பு இருபத்திரண்டு வயதில் கிடைப்பது அரிது. கிடைத்தால் தயங்கக் கூடாது என்பதே என் கருத்து.

உள்ளே நடப்பது

தொழில்நுட்பச் சுற்றில் கேட்கப்படும் கேள்விகளைத் தொகுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றிச் சுழல்வது தெரியும். அந்தப் பொருள் நேரம்.

ஃபிளிப்-ஃபிளாப் என்பது, சிப்புக்குத் தாளம் போடும் கிளாக் அடிக்கும் கணத்தில் உள்ளீட்டைப் பிடித்து வைக்கும் உறுப்பு. ஃபோட்டோ எடுக்கும்போது பட்டனை அழுத்துவதற்குச் சற்று முன்னும் பின்னும் அசையாமல் இருக்க வேண்டும் அல்லவா, அதுபோல உள்ளீடு கிளாக்குக்குச் சற்று முன்னும் பின்னும் மாறாமல் இருக்க வேண்டும். முன்னால் வேண்டிய நேரம் செட்டப், பின்னால் வேண்டியது ஹோல்டு. இந்த வரையறையை எல்லோரும் ஒப்பித்துவிடுவார்கள். நேர்காணல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கிளாக் 10 நானோ வினாடிக்கு ஒருமுறை அடிக்கிறது. முதல் ஃபிளிப்-ஃபிளாப் தன் வெளியீட்டைத் தர 1 நானோ வினாடி, நடுவிலுள்ள கேட்டுகளுக்கு 7, அடுத்த ஃபிளிப்-ஃபிளாப்பின் செட்டப் 0.5. மொத்தம் 8.5. ஆகவே 1.5 நானோ வினாடி மிச்சம். இந்தச் சர்க்யூட்டை ஏறத்தாழ 117 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்டலாம். இதுவரை கூட்டல் கழித்தல்தான்.

அடுத்த கேள்வி இப்படி வரும்: இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்புக்கும் நடுவே கேட்டே இல்லை. முதலாவது 0.1 நானோ வினாடியில் வெளியீட்டை மாற்றிவிடுகிறது. இரண்டாவதற்குக் கிளாக் 0.3 நானோ வினாடி தாமதமாக வருகிறது. ஹோல்டு 0.05. என்ன ஆகும்? இரண்டாவது ஃபிளிப்-ஃபிளாப் 0.35 வரை பழைய மதிப்பை எதிர்பார்க்கிறது. ஆனால் 0.1-லேயே புதிய மதிப்பு வந்து நிற்கிறது. ஹோல்டு தவறுகிறது. சரிசெய்ய வழியில் 0.25 நானோ வினாடியாவது தாமதம் தரும் பஃபர்களைச் சேர்க்க வேண்டும். உடனே அடுத்தது: 'கிளாக்கை மெதுவாக ஓட்டினால் சரியாகாதா?' ஆகாது. இந்தக் கணக்கில் கிளாக் இடைவெளி எங்குமே வரவில்லை. செட்டப் தவறிய சிப்பை மெதுவாக ஓட்டியாவது பிழைக்க வைக்கலாம். ஹோல்டு தவறிய சிப்புக்கு அந்த வழியும் கிடையாது. இதைத் தானாக எட்டிப் பிடிக்கிறவரைத்தான் நேர்காணல் செய்பவர் தேடுகிறார்.

இதுவரை வந்ததை நினைவில் வைத்து நிலை மாறும் சர்க்யூட்டான நிலை இயந்திரம் பற்றிய கேள்விகளும் இப்படித்தான். வரிசையாக வரும் பிட்டுகளில் 1011 வந்தால் சொல்லும் சர்க்யூட்டை வரையச் சொல்வார்கள். பலரும் வரைந்துவிடுவார்கள். 1011011 என்று கொடுத்தால் எத்தனை முறை சொல்லும்? கடைசி 1 அடுத்த தொடரின் முதல் 1-ஆகவும் இருக்கலாம் என்பதை யோசித்தவருக்கு இரண்டு வரும். கண்டுபிடித்ததும் தொடக்க நிலைக்கே திரும்பிப் போய்விட்டவருக்கு ஒன்றுதான் வரும். ஓர் அம்புக்குறி போகும் திசையில் இருக்கிறது வித்தியாசம்.

வெரிலாக்கில் அதிகம் கேட்கப்படுவது, மதிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றும் பிளாக்கிங், எல்லாவற்றையும் ஒரே கணத்தில் மாற்றும் நான்-பிளாக்கிங் இரண்டின் வேறுபாடு. வெரிலாக் வல்லுநர் கிளிஃபோர்டு கம்மிங்ஸ் 2000-ஆம் ஆண்டில் இதுபற்றி எழுதிய கட்டுரையை இன்றும் துறையில் படிக்கச் சொல்கிறார்கள். மூன்று ஃபிளிப்-ஃபிளாப் வரிசையை பிளாக்கிங் முறையில் வரிசைமாறாமல் எழுதினால் மூன்றும் ஒன்றாகச் சுருங்கிவிடும். நிரலில் ஒவ்வொரு வரியும் எந்த வன்பொருளாக மாறுகிறது என்று கற்பனை செய்யத் தெரியாதவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

எல்லாவற்றிலும் கடினமானது இரண்டு கிளாக்குகள் சந்திக்கும் இடம். ஒரு கிளாக்கில் பிறந்த சிக்னல், அதோடு தொடர்பில்லாத இன்னொரு கிளாக்கின் கணத்தில் மாறிக்கொண்டிருந்தால் ஃபிளிப்-ஃபிளாப் 0-க்கும் 1-க்கும் நடுவே ஊசலாடும். இந்த மெட்டாஸ்டபிலிட்டியைச் செய்முறையாகக் காட்டிய சேனி, மோல்னார் ஆய்வு 1973-இல் வெளிவந்தது. ஒரு பிட் என்றால் இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்பை அடுத்தடுத்து வைத்து ஊசலாட்டம் அடங்க நேரம் கொடுக்கலாம். பல பிட் எண்ணுக்கு அது போதாது. 7-லிருந்து 8-க்கு மாறும்போது 0111 என்பது 1000 ஆகிறது. நான்கு பிட்டும் மாறுகின்றன. நடுவில் பிடித்தால் எந்த எண்ணும் கிடைக்கலாம். ஒரு நேரத்தில் ஒரே பிட் மாறும் கிரே குறியீடு இதற்காகவே பயன்படுகிறது.

இவை எல்லாம் கூடிவரும் கேள்வி ஒன்று உண்டு. 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் தொடர்ந்து 120 சொற்கள் வருகின்றன. மறுபக்கம் 50 மெகாஹெர்ட்ஸில் வாசிக்கிறது. நடுவில் வைக்கும் ஃபிஃபோவின், அதாவது முதலில் வந்ததை முதலில் வெளியே தரும் இடைச் சேமிப்பின், ஆழம் என்ன? 120 சொல் எழுத 1,200 நானோ வினாடி. அதற்குள் மறுபக்கம் வாசிப்பது 60. எனவே மிச்சம் 60. நல்ல நேர்காணல் அங்கே நிற்காது. தரவு வந்த செய்தி இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்பைத் தாண்டித்தானே மறுபக்கம் போகிறது, அதுவரை வாசிப்பு தொடங்காதே? ஆமாம், இன்னும் சில இடம் வேண்டும். கிரே எண்ணி இரண்டின் அடுக்கில்தான் இயல்பாகச் சுற்றும். அப்படியானால் 64 வைக்கலாம். ஒரே கேள்வியில் கணக்கும் கிளாக் சந்திப்பும் நடைமுறை அறிவும் வெளிப்பட்டுவிடுகின்றன.

எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

நேர்காணலில் தோற்கும் பட்டதாரிக்கு அறிவு குறைவு என்று சொல்லிவிடுவது எளிது, தவறும் கூட. மேலே சொன்ன அத்தனையும் பாடத்திட்டத்தில் பெயரளவில் இருப்பவைதான். செட்டப், ஹோல்டு இரண்டு மதிப்பெண் கேள்வியாக வரும். மாணவர் இரண்டு வரி எழுதுவார். ஆய்வகத்தில் வெரிலாக் நிரல் அச்சடித்துக் கொடுக்கப்பட்டிருக்கும், தட்டச்சு செய்து வரைபடத்தைக் காட்டினால் பதிவேட்டில் கையெழுத்து. தப்பாக எழுதி, ஏன் தப்பு என்று அரை நாள் தேடும் வாய்ப்பு அவருக்குக் கிடைப்பதேயில்லை. பிழையைத் தேடும் திறமைக்குத்தான் இந்தத் துறை சம்பளம் கொடுக்கிறது. கல்லூரி அதற்கு மதிப்பெண் கொடுப்பதில்லை.

இறுதியாண்டுத் திட்டம் அடுத்த பள்ளம். விலைக்கு வாங்கிய புராஜெக்ட் நேர்காணலில் ஐந்து நிமிடம் தாங்காது. 'இந்தக் கவுன்ட்டரை ஏன் 8 பிட் வைத்தீர்கள்?' என்ற கேள்வியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பிப் பெறும் சாதாரண யூஆர்ட் ஒன்றைத் தானே எழுதி வைத்திருப்பவர், எங்கே திணறினேன் என்று அரை மணி நேரம் பேசுவார். நேர்காணல் செய்பவர் அதைத்தான் கேட்க விரும்புகிறார்.

இந்த இடைவெளியை நம்பி ஒரு பயிற்சிச் சந்தை வளர்ந்திருக்கிறது. பெங்களூருவிலும் பிற ஊர்களிலும் ஆறு மாதப் பயிற்சிக்கு லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். சில இடங்களில் நேர்மையான, கடினமான பயிற்சி நடக்கிறது. சில இடங்களில் நூறு கேள்விக்கு விடைகளைத் திணிக்கிறார்கள். இன்னும் மோசமான இடங்களில் இல்லாத அனுபவத்தை விண்ணப்பத்தில் எழுதச் சொல்லித் தருகிறார்கள். பின்னணிச் சோதனையில் அகப்பட்டால் அந்தப் பிள்ளையின் பெயர் கெடும், சொல்லிக் கொடுத்தவருக்கு ஒன்றும் ஆகாது. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மொழியும் ஒரு தடை. விடை தெரிந்தும் ஆங்கிலத்தில் கோவையாகச் சொல்ல வராமல் வாயடைத்துப் போகும் பிள்ளைகள் நம்மிடம் ஏராளம். வேவ்ஃபார்ம் வரைய ஆங்கிலம் வேண்டாம். பேனாவை எடுத்துப் படம் போடத் தொடங்கினால் பாதித் தடை நீங்கிவிடும். திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் எதிரே அமர்ந்திருப்பவருக்குத் தமிழ் புரியும் வாய்ப்பு அதிகம். சிந்திக்கும் மொழியில் கொஞ்சம் பேச அனுமதிப்பதால் சிப்பின் தரம் குறைந்துவிடாது.

செய்ய வேண்டியவை

நிலைமை இருண்டு கிடக்கவில்லை. 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாயில் அறிவித்த செமிகண்டக்டர் திட்டத்தை ஒட்டி, 'சிப்ஸ் டு ஸ்டார்ட்-அப்' என்ற திட்டம் 85,000 பொறியாளர்களைப் பயிற்றுவிக்க இலக்கு வைத்திருக்கிறது. அதன்கீழ் பெங்களூரு சி-டாக்கின் சிப்இன் மையம், தனிக் கல்லூரியால் வாங்க முடியாத விலையுள்ள வடிவமைப்பு மென்பொருள்களைக் கல்லூரிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. மாணவர் வடிவமைத்த சிப்புகள் மொகாலி ஆலையில் தயாராகி வருகின்றன. உங்கள் கல்லூரி இதில் சேர்ந்திருக்கிறதா என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். சேரவில்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

அரசுத் திட்டம் எட்டாத இடத்திலும் வழி உண்டு. ஐகேரஸ் வெரிலாக், வெரிலேட்டர், யோசிஸ் போன்ற இலவச மென்பொருள்கள் சாதாரண மடிக்கணினியில் ஓடும். அலைவடிவத்தைப் பார்க்க ஜிடிகேவேவ் இருக்கிறது. 2020-இல் கூகுளும் ஸ்கைவாட்டர் நிறுவனமும் 130 நானோமீட்டர் ஆலை விவரங்களையே திறந்துவிட்டன. வேகா, சக்தி பற்றிய ஆவணங்கள் பொதுவெளியில் கிடைக்கின்றன. என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்களைக் கட்டணமில்லாமல் கேட்கலாம். ஒரு ஃபிஃபோ, ஒரு யூஆர்ட், ஒரு சிறிய ரிஸ்க்-ஃபைவ் பிராசசர் இந்த மூன்றையும் சொந்தமாக எழுதி, தானே டெஸ்ட்பெஞ்ச் என்ற சோதனை நிரல் போட்டு உடைத்துப் பார்த்தவர், எந்த நேர்காணலிலும் தலை நிமிர்ந்து உட்காரலாம்.

கல்லூரிகள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆய்வகத் தேர்வில் சரியான நிரலை எழுதச் சொல்வதை விட்டுவிட்டு, பிழையுள்ள நிரலைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு செலவும் இல்லாமல் ஒரே பருவத்தில் மாணவரின் பார்வை மாறும்.

நிறுவனங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. அரை மணி நேரத்தில் முப்பது துணுக்குக் கேள்விகளைக் கேட்டால் மனப்பாடக்காரரே தேறுவார். ஒரு சிறிய வடிவமைப்பை எடுத்து அதிலேயே ஆழமாகப் போனால் சிந்திப்பவர் தெரிவார். திணறும் பிள்ளைக்கு ஒரு குறிப்புக் கொடுத்து, அதைப் பிடித்து மேலே ஏறுகிறாரா என்று பாருங்கள். வேலையிலும் அப்படித்தானே நடக்கப் போகிறது. நிராகரித்தால் எதில் குறை என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். குறிப்பிட்ட கல்லூரிகளுக்கு மட்டுமே போவதை விட்டு, தென்மாவட்டக் கல்லூரிகளுக்கும் எழுத்துத் தேர்வைத் திறந்துவிடுங்கள்.

முடிவு

சிப் வடிவமைப்பு நேர்காணல் கேட்கும் விஷயங்கள் நியாயமானவை, அவை தேவையும் கூட. நேரத்தைப் பற்றிச் சிந்திக்கத் தெரியாதவரிடம் ராக்கெட்டின் பிராசசரை ஒப்படைக்க முடியாது. நியாயமற்றது எது என்றால், அந்தச் சிந்தனைக்குப் பயிற்சி தராத கல்லூரியின் குறையை மாணவர் மட்டும் சுமப்பதும், மனப்பாடத்தைப் பரிசளிக்கும் கேள்வி முறையும்தான். இரண்டையும் மாற்ற முடியும்.

நேர்காணலுக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்த இடத்திலிருந்து படம் போட்டுத் தொடங்குங்கள். கேள்வித் தொகுப்புகளை மூடி வைத்துவிட்டு இன்றைக்கே ஒரு ஃபிஃபோவை எழுதத் தொடங்குங்கள். அது முதலில் ஓடாது. ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடியுங்கள். உங்களிடம் நேர்காணல் கேட்கப் போவதும் அதைத்தான்.